யோகநாதன் அண்ணை நிறுத்திய டைவ்

1. கம்ப்ரசர்க்காரர்

யோகநாதன் அண்ணை எங்கள் கடைக்கு முதன்முதலாக வந்தது டைவிங் படிக்க அல்ல, கம்ப்ரசர் திருத்த. சிலிண்டர்களுக்குக் காற்று அடைக்கும் இயந்திரம் அது. அது படுத்தால் கடையும் சேர்ந்து படுத்துவிடும். மேற்கு லண்டனில் டைவிங் சாமான் விற்று, நீச்சல் குளத்தில் வகுப்பும் நடத்திய கடை. நான் அங்கே பயிற்சியாளர். முதலாளி டெரெக் நல்ல மனிதர். ஆனால் லண்டனில் உள்ள தமிழர் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. இரண்டு மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டுப் போன பிறகு, "ரஞ்சி, உன்னுடைய ஆள் ஒருவர் ரெய்னர்ஸ் லேனில் குளிரறை திருத்துகிறாராமே, கூப்பிடு" என்றார். நான் அந்த ஆளைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் நாலு பேரை விசாரித்துக் கூப்பிட்டுவிட்டேன். டெரெக்கின் நம்பிக்கை இப்படித்தான் வளர்ந்தது.

வந்த மனிதர் ஒரு பின்னேரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் இருந்து இயந்திரத்தைத் திருத்தினார். போகிற நேரத்தில், சுவரில் தொங்கிய ட்ரை சூட்டைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே தண்ணீர் புகாத உடை அது.

"தங்கச்சி, இதைப் போட்டா இந்த ஊர்க் குளிர்த் தண்ணிக்குள்ளயும் இறங்கேலுமோ?"

"ஏலும் அண்ணை. கொஞ்சம் காசும் கொஞ்சம் விசரும் வேணும். பைத்தியம் இல்லாத ஆளுக்கு ஏலாது."

"விசர் தாராளமாக் கிடக்கு," என்றார்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸ் போய், அங்கே பாற்கட்டித் தொழிற்சாலைக் குளிரறைகளில் இளமையைக் கழித்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். இரண்டு கோடைகாலத்தில் படிப்படியாக எல்லாப் பாடங்களையும் முடித்தார். பாடத்தில் ஒரு விஷயம் விளங்கவில்லை என்றால் விளங்கும்வரை விடமாட்டார். எனக்குப் பொறுமை குறைவு. "அண்ணை, இதை நேற்றும் கேட்டனீங்கள்" என்பேன். "நேற்றும் நீர் சரியாச் சொல்லேல்லை" என்பார். நாங்கள் இருவரும் நன்றாக ஒத்துப்போனோம்.

2009 பிறந்தபோது அவர் வேலை செய்த குளிரறைக் கம்பனி மூடப்பட்டது. அந்த வருடம் யாருக்குத்தான் வேலை போகவில்லை. டெரெக்கின் கூட்டாளி ஒருவர் ஊருக்கு வெளியே ஒரு ஏரியில் டைவிங் பயிற்சி நிலையம் நடத்தினார். கம்ப்ரசரையும் பார்த்து, ஆட்களையும் தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஒரு ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. ஈஸ்டருக்குள் டைவ் லீடர் சான்றிதழ் எடுத்தால் வேலை அண்ணைக்குத்தான் என்று பேச்சு.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனை. முன்பின் இறங்காத கரை ஒன்றைத் தெரிந்து, குளிர்காலத்தில், அங்கே ஒரு டைவைத் தானே திட்டமிட்டு, தானே நடத்திக் காட்ட வேண்டும். சோதிக்கிறவள் நான்.

2. தெரியாத கரை

'ஆழமறியாமல் காலை விடாதே' என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. எங்களுக்கு அதுதான் உத்தியோகம். டைவிங் பழக வந்து இதை வாசிக்கிற பிள்ளைகள், அண்ணை அந்தக் கரையை எப்படிப் படித்தார் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இன்றைக்கு போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு 'சைட் சூப்பர்' என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டோர்செட் பக்கம் ஒரு சிறிய கூழாங்கல் கரையை அவர் தெரிந்தார். முதலில், அந்தப் பகுதியில் டைவ் செய்கிறவர்களைப் போனில் பிடித்து, வாய் வலிக்கும்வரை கேட்டார். ரெண்டு பேர் ரெண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவது ஆளைக் கேட்டார். பிறகு ஒரு நாள் வற்றுத் தண்ணீர் நேரத்தில், கடல் பின்வாங்கிக் கிடக்கும்போது, நேரே போய்க் கரை முழுக்க நடந்தார். தண்ணீர் ஏறினால் மறைந்துவிடும் பாறைத் திட்டு எங்கே இருக்கிறது, பாசி வழுக்கும் இடம் எது, போன் சிக்னல் எந்த மூலையில் வருகிறது என்றெல்லாம் பார்த்தார். அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த நில முனைக்கு அப்பால் நீரோட்டம் எந்த நேரத்தில் இழுக்கும் என்றும் கேட்டு வந்தார். அந்தக் கிழவர் சொன்னதும் நீரோட்ட அட்டவணை சொன்னதும் ஒத்துப்போன பிறகுதான் நாள் குறித்தார்.

எங்கள் தொழிலில் ஸ்லாக் வாட்டர் என்று ஒன்று உண்டு. ஏறுகிற தண்ணீரும் இறங்குகிற தண்ணீரும் மாறுகிற இடைவெளியில் கடல் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். அந்த நேரத்துக்குள் இறங்கி ஏறிவிட வேண்டும். இறங்க ஒரு வழி, ஏற ஒரு வழி, அந்த வழியில் அலை எழும்பினால் ஏற இன்னொரு வழி. சிலிண்டர்க் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க. வாயில் கடித்து மூச்சு விடுகிற ரெகுலேட்டர் குளிரில் உறைந்து காற்றைக் கொட்டத் தொடங்கினால் யார் என்ன செய்வது என்பது உட்பட எல்லாம் திட்டத்தில் இருந்தது.

கரையில் காவலுக்கு நிற்பது அவருடைய மனைவி பவளம் அக்கா. நாங்கள் பிந்தினால் எந்த இலக்கத்துக்குப் போன் அடிப்பது, கோஸ்ட்கார்ட் என்கிற கரையோரக் காவல்படைக்கு என்ன சொல்வது என்று அண்ணை அவரைப் பாடமாக்க வைத்திருந்தார். அக்கா என்னிடம் முறையிட்டார்: "ரஞ்சி, தேவாரம் கூட நான் இப்பிடிப் பாடமாக்கேல்லை."

அக்காவின் கையில் அண்ணையின் போனும் இருக்கும். அதற்குக் காரணம் எங்களுக்கெல்லாம் தெரியும். அண்ணையின் ஒரே தங்கை வசந்தி, புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தாள். தைப்பொங்கலுக்குக் கதைத்ததுதான் கடைசி. அந்த மாதங்களில் லண்டனில் எங்கள் ஆட்கள் எல்லாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் தூங்கினோம். கோயிலில் பூசை நேரத்திலும் யாரும் போனை நிறுத்தவில்லை. ஐயரும் ஒன்றும் சொல்லவில்லை.

3. பெல்ட்

குறித்த நாள் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காலையில் ரெய்னர்ஸ் லேனில் அவர்கள் வீட்டு வாசலில் கடையின் வான் வண்டியை நிறுத்தினேன்.

"சாப்பிட்டியளோ அண்ணை?"

"ஓம் ஓம். அதெல்லாம் ஆச்சு."

வழியில் பவளம் அக்கா எனக்கு இடியப்பமும் சம்பலும் எடுத்துத் தந்தார். அண்ணைக்குக் கொடுக்கவில்லை. அவர்தான் வீட்டில் சாப்பிட்டுவிட்டாரே என்று நான் என் பாட்டுக்கு ஒரு பிடி பிடித்தேன்.

கரைக்குப் போனால், ஐயோ, என்ன கடல்! பெப்ரவரியில் அப்படி ஒரு நாள் கிடைப்பது குதிரைக் கொம்பு. காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசியதால் தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. அண்ணை முகத்தில் சிரிப்பு. கூழாங்கல்லில் நின்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. மனதுக்குள் நான் அப்போதே அவருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டேன்.

பிறகு உடுப்புப் போட்டு, ஒருவர் சாமானை மற்றவர் சரிபார்த்தோம். ஈயக்கட்டி கோத்த பெல்ட்டை அவர் இடுப்பில் பூட்டினார். அது வழுகி இறங்கியது. இழுத்து இறுக்கினார். பெல்ட்டின் வால் முழங்கால்வரை தொங்கியது. ஜனவரியில் குளத்தில் இதே பெல்ட் அளவாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

"என்ன அண்ணை, பெல்ட் வளர்ந்திட்டுதோ?"

"சும்மா இரும்," என்று சிரித்தார். ஆனால் பெல்ட்டுக் கொளுவியைப் பூட்டிய விரல்கள் நடுங்கின. நாங்கள் இன்னும் தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை. ட்ரை சூட்டுக்குள் கம்பளி உடுப்போடு நிற்கிற ஆளுக்கு வியர்க்க வேண்டிய நேரம் அது.

என் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் பேரைச் 'சாப்பிட்டியளோ' என்று கேட்டிருப்பேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று மரியாதை கெட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அண்ணை, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சாப்பாடுதான்."

"சாப்பாடு எண்டா? பாணோ, புட்டோ?"

"இப்ப அதுவே தங்கச்சி பிரச்சினை? ஸ்லாக் வாட்டர் போகப்போகுது."

நான் பவளம் அக்காவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "தேத்தண்ணி. வெறும் தேத்தண்ணி. சீனியும் இல்லை."

"நீர் பேசாமல் இரும்!" என்று அண்ணை அதட்டினார்.

"இல்லை, சொல்லத்தான் வேணும். ரஞ்சிக்குத் தெரியும் எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சன்." அக்கா என் பக்கம் திரும்பினார். "வசந்தியின்ர குரல் கேக்குமட்டும் ஒருநேரச் சாப்பாடுதான் எண்டு முருகனுக்கு நேந்திருக்கிறார். பின்னேரம் விளக்கு வைச்ச பிறகு ஒரு பிடி சோறு. பொங்கல் கழிஞ்சதில இருந்து இதுதான்."

4. மார்ஷல் யார்?

எனக்குக் கோபம் வந்தால் ஆளின் வயது தெரியாது. "உங்களுக்கு என்ன விசரே அண்ணை?" என்று கத்திவிட்டேன். தூரத்தில் நாயோடு நடந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். "இது என்ன தீர்த்தக் கேணியோ, ஒரு முழுக்குப் போட்டிட்டு வர? வயித்தில ஒண்டும் இல்லாமல் இந்தத் தண்ணிக்குள்ள உடம்பு எதை எரிச்சுச் சூடாகிறது? கீழ வைச்சுக் கை விறைச்சா, தலை சுத்தினா, நான் அக்காவுக்கு என்ன சொல்லுறது?"

அவருக்கும் கோபம் வந்தது. முகம் கறுத்தது. ஆனால் சத்தம் போடவில்லை.

"நீர் எனக்கு டைவிங் படிப்பிக்கிறீர். சமயம் படிப்பிக்கேல்லை."

உண்மைதானே. அவர் தன் தங்கைக்காகச் செய்யக்கூடிய ஒரே காரியம் அது. பணம் அனுப்ப வழியில்லை, போக வழியில்லை. ஊர்வலத்தில் நின்றார், எம்.பி.க்கு எழுதினார், ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் இருந்தது தன் வயிறு ஒன்றுதான். அதைப் பிடித்து வைத்திருந்தார். அதையும் விடு என்று சொல்ல நான் யார்?

ஆனால் அவரைத் தண்ணீருக்குள் இறக்கவும் முடியாது. 'சித்தியடையவில்லை' என்று ஒரு வரி எழுதினால் காரியம் முடிந்துவிடும். வேலையும் முடிந்துவிடும். நான் கொஞ்ச நேரம் கூழாங்கற்களைக் காலால் தட்டிக்கொண்டு நின்றேன். பிறகு குரலைத் தணித்துக் கேட்டேன்.

"அண்ணை, இண்டைக்கு இந்த டைவுக்கு மார்ஷல் ஆர்?"

"நான்."

"இறக்கிறதும் நிப்பாட்டுறதும் ஆர்?"

"நான்தான்."

"அப்ப உங்களிட்ட ஒரு கேள்வி. உங்கட ஆக்களில ஒருத்தர் வந்திருக்கிறார். ஒரு மாசமா ஒருநேரச் சாப்பாடு. காலமை சீனியில்லாத தேத்தண்ணி. ஆள் மெலிஞ்சு பெல்ட் நிக்குதில்லை, கை நடுங்குது. நல்ல மனுசன். நியாயமான காரணமும் இருக்கு. நீங்கள் மார்ஷல். என்ன செய்வியள்?"

கடல் சும்மா நின்றது. அவர் கணக்குப் போட்டுப் பிடித்த அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. முனைக்கு அப்பால் நீர் நெளியத் தொடங்கியதை அவரும் கண்டார்.

"இறக்க மாட்டன்," என்றார்.

"அப்ப சொல்லுங்கோ."

நிமிர்ந்து நின்று, எங்கள் இருவரையும் பார்த்து, விளக்கம் சொன்ன அதே குரலில் சொன்னார்: "டைவ் நிப்பாட்டுறம். எல்லாரும் சாமானைக் கழட்டுங்கோ." சொல்லிவிட்டு அப்படியே கூழாங்கல்லில் குந்தி, கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பவளம் அக்கா பக்கத்தில் போய் இருந்தார். நான் சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு வானுக்குப் போனேன். இரண்டு தடவை நடக்க வேண்டியதை நாலு தடவை நடந்தேன்.

பிள்ளைகளே, கடலுக்குள் துணிந்து குதிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நல்ல நாளில், முழு உடுப்பும் போட்டு, தண்ணீரின் விளிம்பில் நின்றுகொண்டு 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணலாம். அன்றைக்கே அவருடைய தாளில், திட்டமிடலும் தீர்மானமும் திறம் என்று எழுதிவிட்டேன். ஆனால் சட்டப்படி டைவ் ஒன்று நடந்தாக வேண்டும்.

5. ஒரு வயிறு

வானுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மூவரும் இருந்தோம். சாப்பாட்டுப் பை நடுவில் இருந்தது. யாரும் திறக்கவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றார் பவளம் அக்கா. "அந்த நேர்த்தியை நான் எடுக்கிறன்."

"என்ன கதை இது?"

"ஒரு வீட்டில ஒரு வயிறு காஞ்சாப் போதும். அது ஆருடைய வயிறு எண்டு முருகன் இடாப்புப் பாத்துப் பேர் கூப்பிடப்போறாரோ? நான் தண்ணிக்குள்ள இறங்கப்போறதில்லை. கரையிலதானே நிக்கிறன்."

"நீர் காஞ்சு கிடக்க நான் திண்டுகொண்டு இருக்கிறதோ?"

"இவ்வளவு நாளும் நான் அதைத்தானே செய்தனான்!" அக்கா சாப்பாட்டுப் பையைக் கையால் தள்ளினார். "நீங்கள் பாத்துக்கொண்டிருக்க நான் திண்டனான். எனக்கு மட்டும் அது இறங்கினதே? சுவர் இருந்தாத்தான் சித்திரம். நாளைக்கு வசந்தி பிள்ளையளோட வந்து நிண்டா, வேலை இல்லாமல் அவளை எதைக் கொண்டு பாக்கப்போறியள்?"

அண்ணை கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ ஸ்லாக் வாட்டர் கணக்குச் சொல்வதுபோல, "நேர்த்தியைக் கார் பார்க்கில வைச்சு மாத்தேலாது. கோயிலுக்குப் போய்ச் சொல்லித்தான் மாத்தவேணும்," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த இடியப்பம் முழுவதையும் நான் ஒருத்தியே சாப்பிட வேண்டியதாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலில் அவர்கள் நேர்த்தியை மாற்றினார்கள். கடல் மறுபடியும் இடம் கொடுக்க மார்ச் பிறந்துவிட்டது. இந்த முறை வாசலில் வானை நிறுத்தியதும் நான் வாயைத் திறக்குமுன்பே அண்ணை ஒப்புவித்தார்: "புட்டு. முட்டைப் பொரியல். கதலி இல்லை, கடை வாழைப்பழம் ரெண்டு. சீனி போட்ட தேத்தண்ணி. விடியக் காலமை சாப்பிட்டது, இப்ப செமிச்சிட்டுது." பின்னால் பவளம் அக்கா வெறும் வயிற்றோடு சாப்பாட்டுப் பையை ஏற்றினார். அவர் முகத்தை அன்றைக்கு என்னால் நேரே பார்க்க முடியவில்லை.

டைவ் நல்லபடி நடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சைத் தண்ணீர். உடுப்புக்கு வெளியே தெரிந்த உதட்டில் மட்டும் குளிர் ஊசியாகக் குத்தியது. ஒரு பெரிய நண்டு பாறை இடுக்கிலிருந்து கடைக்கார முதலாளிபோல எங்களை முறைத்தது. திரும்பும்போது நாங்கள் ஏற இருந்த இடத்தில் அலை எழும்பிக் கூழாங்கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது. அண்ணை தயங்கவில்லை. கையைக் காட்டி, பாறைத் திட்டைச் சுற்றி, முன்னரே பார்த்து வைத்த இரண்டாவது வழியால் என்னைக் கொண்டுவந்து ஏற்றினார். சான்றிதழ் அவருடையது. ஈஸ்டருக்கு ஏரியில் வேலை தொடங்கினார்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, தண்ணீருக்குள் இறங்குகிற யாரையும் 'சாப்பிட்டியளோ' என்று கேட்டதில்லை. வெள்ளைக்காரரைக் கேட்டால் 'இல்லை, செத்துப்போகிறேன் பசியில்' என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். நம்முடைய ஆட்களிடம் அந்தக் கேள்வி அன்புக்குக் கேட்பது. பதிலும் அன்புக்குச் சொல்வது. வயிற்றைப் பற்றி அதில் ஒரு தகவலும் கிடையாது. ஆகவே என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

6. அழைப்பு

கோடை தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம், கடைப் போன் அடித்தது. அண்ணை ஏரியிலிருந்து பேசினார். பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, வசந்தி கதைச்சவள்."

நான் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டேன். "மெய்யே அண்ணை?"

"ஓம். முகாமிலயிருந்து. ஆரோ ஒருத்தரின்ர போனில ரெண்டு நிமிசம். பிள்ளையள் ரெண்டும் இருக்கினம். மச்சானைப் பற்றி அவள் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

"அக்காவுக்குச் சொல்லிட்டியளோ?"

"முதல் அவருக்குத்தான் அடிச்சன். இப்ப தனக்குச் சோறு போடுறார்." கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலால் குரலை உயர்த்தினார். "வசந்தி எடுத்தவுடன முதல் என்ன கேட்டவள் தெரியுமே? 'அண்ணை, சாப்பிட்டியளோ' எண்டு. அங்க கிடந்துகொண்டு என்னைக் கேக்கிறாள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டன்."

"அவள் சாப்பிட்டவளாமோ?"

"நான் கேக்கேல்லை தங்கச்சி," என்றார். "கேட்டா அவளும் ஓம் எண்டுதான் சொல்லுவாள்."